மண்டபம் கரையில் பல்லாண்டுத் தரவை எங்கே வைப்பது: இரட்டிப்பு நீக்கமா, கிளவுட் அடுக்குகளா?

மன்னார் வளைகுடாவின் கடலடியைப் படமெடுத்து ஆவணப்படுத்தும் சிறிய அமைப்பு ஒன்றில், மண்டபத்துக்கு அருகே, தரவைக் காக்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் சேமிப்புப் பெட்டி நிரம்பும் நிலைக்கு வந்ததும் இரண்டு விலைப்புள்ளிகள் மேசைக்கு வந்தன. டீடூப்ளிகேஷன் எனப்படும் இரட்டிப்பு நீக்க வசதியுள்ள பெட்டி ஒன்றை வாங்கி, பழையவற்றை அதுவே கிளவுடுக்குத் தள்ளும்படி அமைத்துக்கொள்ளலாம் என்றது ஒன்று. பெட்டியே வேண்டாம், எல்லாவற்றையும் நேரடியாகக் கிளவுடின் மிக மலிவான ஆவண அடுக்கில் போட்டுவிடலாம் என்றது மற்றொன்று. இரண்டையும் சில வாரங்கள் கணக்கிட்டுப் பார்த்தபின், இரண்டுமே எங்கள் தரவில் ஒரு பாதிக்கு மிகப் பொருத்தமாகவும் மறு பாதிக்குப் பொருந்தாமலும் இருப்பதைக் கண்டேன். இதே கேள்வியோடு இருக்கும் ஆய்வுக்குழுக்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மீன் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் பயன்படும் என்று அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் மூன்று வகைத் தரவு உண்டு. அலுவலகக் கணக்கு, கடிதங்கள், அளவீட்டுப் பட்டியல்கள், கணினிகளின் முழு நகல் ஆகியவை சேர்ந்து ஏறத்தாழ 400 ஜிகாபைட். கடலடிக் காணொளிகளும் நிழற்படங்களும் 9 டெராபைட். சங்கு குளிப்பவர்கள், பாசி எடுக்கும் பெண்கள், கரைவலைக்காரர்கள் ஆகியோர் பேசிய ஒலிப்பதிவுகள் 300 ஜிகாபைட். 2010இலும் 2016இலும் இந்த வளைகுடாவில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறின. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் இருக்கின்றன. வெளிறுவதற்கு முன் ஒரு பாறை எப்படி இருந்தது என்பதற்கு அப்போது எடுத்த படம் ஒன்றே சான்று. அதைத் திரும்பப் போய் எடுக்க முடியாது. வாடை எப்போது கொண்டலாகத் திரும்பும், கச்சான் வீசும்போது எந்தத் தீவின் மறைவில் வள்ளத்தைக் கட்டலாம் என்று முதியவர் ஒருவர் சொன்ன பேச்சும் அப்படியே.

இந்தக் கவலை எனக்கு வந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் இந்தப் பொறுப்புக்கு வருமுன், ஒலிப்பதிவுகளின் ஒரே நகலை இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் எடுத்து, கடற்கரை ஓரத்து வீடொன்றின் இரும்பு அலமாரியில் வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து எடுத்தபோது இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஒன்று சுழலவே இல்லை, மற்றொன்று பாதியைத் தந்துவிட்டு நின்றது. கீழக்கரைப் பக்கத்துச் சங்கு குளிப்பவர் ஒருவர் ஒரு முழு நாள் உட்கார்ந்து பேசிய பதிவு அதில் போயிற்று. அவர் அதற்குள் இறந்துவிட்டார். அன்றிலிருந்து உப்புக்காற்றையும் ஒற்றை நகலையும் ஒரே வகை ஆபத்தாகவே நான் எண்ணுகிறேன்.

இரட்டிப்பு நீக்கம் செய்யும் வேலை எளிமையானது. வரும் தரவைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கணிதமுறையில் ஒரு கைரேகை எடுத்து, அதே கைரேகையுள்ள துண்டு ஏற்கெனவே இருந்தால் அதை மறுபடி எழுதாமல் குறிப்பு மட்டும் வைத்துக்கொள்கிறது. வெட்டும் இடத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஒரே நீளத்தில் வெட்டினால், கணக்குப் பேரேட்டின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தவுடன் அதன்பின் வரும் எல்லாத் துண்டுகளும் நகர்ந்து புதியவையாகத் தோன்றும். உள்ளடக்கத்தைப் பார்த்தே வெட்டும் இடத்தைத் தேர்ந்தால், சேர்த்த வரி இருக்கும் துண்டு மட்டுமே மாறும். 2001இல் எம்ஐடி ஆய்வாளர்கள் வலைவழிக் கோப்புமுறை ஒன்றில் கையாண்ட இந்த வழியைத்தான் இன்றைய ரெஸ்டிக், போர்க் போன்ற கட்டணமற்ற நகலெடுப்புக் கருவிகளும் பின்பற்றுகின்றன.

எங்கள் அலுவலகத் தரவுக்கு இது என்ன செய்கிறது என்று பார்க்கலாம். முப்பது நாள் நகல்கள், பன்னிரண்டு மாத நகல்கள், ஏழு ஆண்டு நகல்கள் என 49 முழு நகல்களை அப்படியே வைத்தால் 400 ஜிகாபைட் 19.6 டெராபைட்டாகப் பெருகும். உண்மையில் நாளொன்றுக்குப் புதிதாக வருவது 1 ஜிகாபைட் அளவுதான். ஏழு ஆண்டுகளின் எல்லா மாற்றங்களையும் ஒன்றுவிடாமல் வைத்துக்கொண்டாலும் முதல் 400உடன் 2,555 ஜிகாபைட் சேர்ந்து 3 டெராபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்றுபோலவே இருக்கும் ஆறு கணினிகளின் இயங்குதளக் கோப்புகள் ஒருமுறைதான் எழுதப்படும் என்பதால் நடைமுறையில் இன்னும் குறையும். இத்தகைய தரவு உள்ளவர்கள் இரட்டிப்பு நீக்கத்தை விட்டுவிட்டு வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் தெளிவான கருத்து.

காணொளியில் கதை தலைகீழாகிறது. கேமராவிலிருந்து வரும்போதே அது இறுக்கிச் சுருக்கப்பட்டிருக்கிறது. ஒரே பாறையை ஒரே கோணத்தில் இரண்டு நாள் எடுத்தாலும் பைட் அளவில் இரண்டு கோப்புகளுக்கும் பொதுவாக எதுவும் இராது. விலைப்புள்ளியில் காணப்படும் பத்து மடங்கு, இருபது மடங்கு என்ற விகிதங்கள் நாள்தோறும் எடுக்கும் முழு நகல்களை வைத்துச் சொல்லப்படுபவை. ஒருமுறை எழுதி அப்படியே வைக்கும் கடலடிப் படங்களுக்கு அவை பொருந்தா. எங்களிடம் கிடைத்த ஒரே இலாபம், ஒரே மெமரி கார்டை இருவர் தனித்தனியாக இறக்கி வைத்திருந்த கோப்புகளை அடையாளம் கண்டது. 11 டெராபைட் 9 ஆனது அப்படித்தான். அதற்குப் பெட்டி தேவையில்லை, கோப்புகளின் கைரேகைப் பட்டியலே போதும். வாங்குவதற்கு முன் யாரும் தம் தரவில் வகைக்கு 50 ஜிகாபைட் எடுத்து, ரெஸ்டிக்கில் நகலெடுத்து, துண்டுகள் சேரும் களஞ்சியத்தின் அளவைப் பார்த்துவிடலாம். ஒரு பிற்பகல் வேலை அது. எந்த விற்பனையாளர் சொல்லும் விகிதத்தையும்விட நம்பத்தக்கது.

இரட்டிப்பு நீக்கத்துக்கு விலையும் உண்டு. கைரேகைப் பட்டியல் நினைவகத்தில் இருந்தால்தான் வேகம் கிடைக்கும். இசட்எஃப்எஸ் கோப்புமுறையின் உள்ளேயே அதை இயக்கினால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 320 பைட் வேண்டும். 128 கிலோபைட் தொகுதிகளில் ஒரு டெராபைட்டுக்கு எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட தொகுதிகள், அதாவது சுமார் 2.5 ஜிகாபைட் நினைவகம். தொகுதிகள் சிறுத்தால் இது பெருகும். ஆகவே கோப்புமுறையில் அதை அணைத்துவிட்டு, நகலெடுக்கும் கருவியின் மட்டத்தில் மட்டும் இரட்டிப்பை நீக்குவதே சிறு அலுவலகத்துக்கு நல்லது. இரண்டு வெவ்வேறு துண்டுகளுக்கு ஒரே கைரேகை வந்துவிடாதா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. பெல் ஆய்வகத்தின் வென்டி அமைப்பு 2002இல் பயன்படுத்திய எஸ்எச்ஏ-1 என்ற கைரேகை முறையில் அத்தகைய இரண்டு கோப்புகளை 2017இல் உருவாக்கிக் காட்டினார்கள். இன்று பயன்படும் எஸ்எச்ஏ-256 முறையில் இதுவரை அப்படி நேர்ந்ததில்லை. அதைவிட டிஸ்க் கெடும் வாய்ப்பே பல மடங்கு பெரிது. டிஸ்க் கெட்டால் வரும் சேதமும் இங்கே வேறு வகையானது: 49 நகல்களும் சார்ந்திருக்கும் ஒரு துண்டு பழுதானால் 49உம் சேர்ந்தே பழுதாகின்றன. களஞ்சியத்தை மாதந்தோறும் முழுதாகப் படித்துச் சரிபார்ப்பதும், முற்றிலும் தனியான இரண்டாவது நகல் ஒன்றை வைப்பதும் இங்கே தவிர்க்கக் கூடாதவை. இதன் மறுபக்கத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. பிணைப்பணம் கேட்கும் நிரல் கோப்புகளைப் பூட்டத் தொடங்கினால், நாளொன்றுக்கு 1 ஜிகாபைட் வளர்ந்த களஞ்சியம் ஒரே இரவில் நூறு ஜிகாபைட் வளரும். அந்த எண்ணைக் காலையில் பார்க்கும் பழக்கம் இருந்தால் ஆபத்து முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இனி கிளவுட் அடுக்குகள். நம் கரையில் இதை விளக்குவது எளிது. இன்று விற்கும் மீன் ஐஸ் பெட்டியில் இருக்கும். அடுத்த வாரத்துக்கானது குளிர்பதனக் கிடங்கில் இருக்கும். மழைக்காலத்துக்கானது கருவாடாகப் பரணில் இருக்கும். கிளவுடிலும் எடுக்கும் அவசரம் குறையக் குறைய வாடகை குறைகிறது. ஆவண அடுக்கிலிருந்து எடுப்பதற்கு மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுட் வைத்திருக்கும் பெயரே ‘மீண்டும் நீரூட்டுதல்’ என்ற பொருளுடையது; கருவாட்டை ஊறவைக்காமல் குழம்பில் போட முடியாதல்லவா. அங்கே அதற்கு 15 மணி நேரம் வரை ஆகலாம். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வழக்கமான முறையில் 12 மணி நேரத்துக்குள்ளும், மலிவான மொத்த முறையில் 48 மணி நேரத்துக்குள்ளும் கிடைக்கும். கூகுளின் ஆவண அடுக்கில் காத்திருப்பு இல்லை. ஆனால் 365 நாள்களுக்குள் நீக்கினால் மீதி நாள்களுக்கும் பணம் கட்ட வேண்டும். முதல் இரண்டிலும் அந்தக் கெடு 180 நாள்.

வாடகை உண்மையிலேயே குறைவு. அமேசானின் அமெரிக்க வர்ஜீனியா விலைப்பட்டியலில் டீப் ஆர்க்கைவ் ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 0.00099 டாலர், 10 டெராபைட்டுக்கு ஆண்டு முழுதும் 119 டாலர். அதே அளவை உடனடி அடுக்கில் வைத்தால் 0.023 வீதம் ஆண்டுக்கு 2,760 டாலர். விலை தரவு மையத்துக்கு மையம் மாறும் என்பதால் இந்திய மையத்தின் பட்டியலை ஒப்பந்த நாளில் தனியே பார்க்க வேண்டும். ஒப்பிடுவோர் பெரும்பாலும் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியே எடுக்கும்போது இணையவழிக் கட்டணம் ஜிகாபைட்டுக்கு 0.09 டாலர், 10 டெராபைட்டுக்கு 900 டாலர். அதாவது ஒரே ஒரு முழு மீட்புக்கான செலவு ஏழரை ஆண்டு வாடகைக்குச் சமம். இந்தக் காரணத்துக்காக ஆவண அடுக்கை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. வீடு எரிந்தால் மட்டும் திறக்கும் பெட்டிக்கு அது நியாயமான விலை. ஒரு கோப்பு தவறுதலாக அழிந்தால் எடுக்கும் இடமாக அதைக் கருதுவதே பிழை. அதற்கு வேறொரு நகல் அருகிலேயே இருக்க வேண்டும்.

நேரமும் ஒரு செலவுதான். 9 டெராபைட்டை வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் ஏற்றினால் பதினாறு நாள் முடிந்து பதினேழாவது நாளும் ஓடும். அலுவல் நேரத்தைத் தொடாமல் இரவு பத்து முதல் காலை ஆறு வரை மட்டும் ஏற்றினால் 50 இரவுகள். மின்தடையும் இணைப்புத் துண்டிப்பும் இங்கே புதியவை அல்ல. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியொரு வாரத்தில் கம்பி வழியே வரும் எந்த நகலையும் நம்பியிருக்க முடியாது.

இரண்டையும் சேர்க்கும் யோசனைதான் என்னை அதிக நாள் உறுத்தியது. இரட்டிப்பு நீக்கிய களஞ்சியத்தையே ஆவண அடுக்கில் போட்டால் அளவும் குறையும், வாடகையும் குறையும் என்று தோன்றும். ஆனால் அத்தகைய களஞ்சியம் உயிருள்ளது. பழைய நகல்களை நீக்கும்போது கருவி, துண்டுகளைக் கட்டி வைத்திருக்கும் தன் பொதிகளைத் திறந்து, வேண்டிய துண்டுகளை மட்டும் புதிய பொதியில் எழுதி, பழையதை அழிக்கிறது. ஆவண அடுக்கில் திறப்பதற்கே பல மணி நேரம். அழிப்பதற்கு 180 நாள் கெடு. மீட்கும்போதோ, ஒரு கோப்பின் துண்டுகள் ஏழு ஆண்டுப் பொதிகளில் சிதறிக் கிடக்கும் என்பதால் ஒரு கோப்புக்காக நூறு பொதிகளை ஊறவைக்க நேரலாம். இரட்டிப்பு நீக்கிய களஞ்சியம் கிளவுடுக்குப் போகுமானால் உடனடி அடுக்குக்குத்தான் போக வேண்டும். தொடக்கத்தில் 400 ஜிகாபைட்டுக்கு மாதம் ஏறத்தாழ 9 டாலர் என்பது தாங்கக்கூடிய தொகையே.

பெட்டியே கிளவுடுக்குத் தள்ளும் ஏற்பாட்டில் வேறொரு கேள்வி எழுகிறது. அது அனுப்புவது கோப்புகளை அன்று, துண்டுகளை. அவற்றைக் கோத்துப் படிக்க அதே வகைப் பெட்டி வேண்டும். பெட்டி கடலில் போனால், கிளவுடில் பத்திரமாக இருக்கும் தரவைப் படிக்க இன்னொரு பெட்டி வாங்க வேண்டியிருக்கும். பல நூறு கணினிகளுள்ள நிறுவனத்துக்கு, ஆதரவு ஒப்பந்தத்தோடு, அது ஏற்கத்தக்க நிபந்தனை. அங்கே பெட்டியின் வேகமும் மேற்பார்வையும் உண்மையான மதிப்புள்ளவை. மானியத்தில் ஓடும் எங்களைப் போன்றவர்கள் ஐந்தாண்டுக்குப் பின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போமா என்பதற்கே உறுதி இல்லாதபோது, பதினைந்தாண்டுத் தரவை ஒரு பெட்டியின் மொழியில் எழுதி வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

காந்த நாடாவையும் ஒருவர் முன்மொழிந்தார். எல்டிஓ-9 நாடா ஒன்று 18 டெராபைட் கொள்ளும்; தக்க சூழலில் முப்பது ஆண்டு நிற்கும் என்கிறார்கள். ஓட்டும் கருவிக்குச் சில இலட்சம் ரூபாய் ஆகும். எல்டிஓ-9 கருவி தனக்கு முந்தைய ஒரே ஒரு தலைமுறை நாடாவைத்தான் படிக்கும். ஈரப்பதம் குறைந்த அறை எங்களிடம் இல்லை. நூறு டெராபைட்டைத் தாண்டும்போது மறுபடி பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம்.

கம்பெனியாகப் பதிவு செய்துள்ள இறால், நண்டு ஏற்றுமதியாளர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க நிறுமச் சட்டம் சொல்கிறது. மின்னணுக் கணக்குகளின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் இருக்க வேண்டும் என்று 2022இல் விதி திருத்தப்பட்டது. ஆகவே அந்தத் தரவுக்கு மையம் மும்பையா ஹைதராபாத்தா என்று தேரலாமே தவிர, மலிவு கருதி வெளிநாட்டு மையம் ஒன்றை மட்டும் நம்ப முடியாது.

எங்கள் ஏற்பாடு இப்படி அமைகிறது. அலுவலகத் தரவு ரெஸ்டிக் வழியே உள்ளூர்ப் பெட்டிக்கும், அதிலிருந்து தனியாக மும்பை மையத்தின் உடனடி அடுக்குக்கும் போகும். வடகிழக்குப் பருவத்துப் புயல் சென்னையையும் எங்களையும் ஒரே வாரத்தில் தொடக்கூடும் என்பதால் மறுகரை நகரத்தைத் தேர்ந்தோம். காணொளிகளை ஆய்வுப் பயணம் ஒன்றுக்கு ஒரு டார் கோப்பாக, அதாவது பல கோப்புகளை உள்ளடக்கிய ஒரே கோப்பாகக் கட்டி, கைரேகைப் பட்டியலை உள்ளூரிலும் வைத்துக்கொண்டு, டீப் ஆர்க்கைவில் போடுகிறோம். சிறு கோப்புகளை அப்படியே போட்டால் ஒவ்வொன்றுக்கும் 40 கிலோபைட் மேற்சுமையும், ஏற்றும் தடவைக்குத் தடவை கட்டணமும் சேரும். கட்டிப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. பதினைந்து ஆண்டு கழித்து எந்தக் கருவி வழக்கொழிந்தாலும் டார் கோப்பைத் திறக்கத் தெரிந்தவர் கிடைப்பார். அதன் இன்னொரு நகல் மதுரையில், உப்புக்காற்று எட்டாத அறையில், இரண்டு டிஸ்க்குகளில் இருக்கும். ஆண்டுக்கு இருமுறை அவற்றைச் சுழற்றிச் சரிபார்ப்போம். ஒலிப்பதிவுகள் அளவில் சிறியவை என்பதால் அவற்றுக்குச் சிக்கனம் பார்க்கவில்லை: எல்லா இடத்திலும் ஒரு நகல், உடனடி அடுக்கிலும் ஒன்று. கிளவுடில் உள்ள எல்லாவற்றுக்கும் குறித்த காலம்வரை எவராலும் அழிக்க முடியாத ஆப்ஜெக்ட் லாக் பூட்டு உண்டு.

எல்லாக் காப்பு நகலும் மறையாக்கம் செய்யப்படும், அதாவது சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்படும். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அது எங்கே செறிந்து கிடக்கிறது என்பதை எங்கள் படங்களின் இடக்குறிப்புகள் காட்டிக்கொடுக்கும். மறையாக்கம் இரட்டிப்பு நீக்கத்துக்குப் பிறகே நடக்க வேண்டும். முன்பே பூட்டினால் எந்தத் துண்டும் எதனோடும் ஒத்துப்போகாது. ரெஸ்டிக் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்கிறது. சாவி தொலைந்தால் எல்லாம் தொலைந்ததுதான் என்பதால், அதைத் தாளில் எழுதி இரண்டு உறைகளில் முத்திரையிட்டு, ஒன்றை இங்கும் ஒன்றை மதுரையிலும் வைத்தோம்.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை முழுதாகச் செய்து பார்த்தோம். குருசடைத் தீவில் 2016இல் எடுத்த படங்களின் டார் கோப்பு ஒன்றை ஏற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்து, நான் தொடாமல், வழிமுறைத் தாளை மட்டும் பார்த்து மீட்கும்படி களப்பணியிலுள்ள சக ஊழியர் ஒருவரைக் கேட்டுக்கொண்டேன். மொத்த முறையில் கேட்ட கோப்பு மூன்றாம் நாள் காலைக்குள் எடுக்கத் தயாராக இருந்தது. கைரேகை பட்டியலோடு ஒத்துப்போயிற்று. ஆனால் உறையைத் திறந்து சாவியை உள்ளிட்டபோது, என் கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணும் ஆங்கில எல் எழுத்தும் ஒன்றுபோல் இருந்ததால் அரை மணி நேரம் திறக்கவில்லை. அன்று மாலையே இரண்டு உறைகளிலும் இருந்த தாளை எடுத்துவிட்டு, அச்சிட்ட தாளை வைத்து மறுபடி முத்திரையிட்டோம்.